ஐக்கிய அமெரிக்க அரசியலில் சுதந்திரவாதம்

சுதந்திரவாதம் அல்லது லிபர்டேரியனிசம் என்பது தனிமனிதரின் விடுதலையை அரசியலின் முதன்மை மதிப்பாகக் கொண்டு, அரசின் அதிகாரம் இயன்றவரை குறுகியதாக இருக்க வேண்டும் என்று வலியுறுத்தும் அரசியல் தத்துவம் ஆகும். பிறருடைய உடலுக்கோ உடைமைக்கோ தீங்கு விளைவிக்காத வரை ஒருவர் தம் வாழ்வைத் தம் விருப்பப்படி அமைத்துக்கொள்ளலாம், அதில் தலையிட அரசுக்கு உரிமை இல்லை என்பது இதன் அடிப்படைக் கருத்து. வரி, கட்டாயப் படைச்சேவை, தணிக்கை, போதைப்பொருள் தடை, வெளிநாட்டுப் போர், மின்னணுக் கண்காணிப்பு ஆகிய அனைத்தையும் சுதந்திரவாதிகள் இந்த ஒரே அளவுகோலைக் கொண்டே மதிப்பிடுகின்றனர்.

ஐக்கிய அமெரிக்காவில் குடியரசுக் கட்சி, மக்களாட்சிக் கட்சி ஆகிய இரண்டுமே ஆட்சியில் மாறி மாறி அமரும் பெரிய கட்சிகள். சுதந்திரவாதிகள் பொருளாதாரக் கேள்விகளில் பெரும்பாலும் முதலாவது கட்சியின் மரபுடனும், தனிவாழ்வு உரிமை குறித்த கேள்விகளில் பெரும்பாலும் இரண்டாவது கட்சியின் மரபுடனும் ஒத்துப்போகின்றனர். எனவே இடது, வலது என்ற வழக்கமான கோட்டில் இவர்களை வைப்பது கடினம். இதனைக் காட்டுவதற்காக டேவிட் நோலன் என்பவர் 1969 இல் பொருளாதார விடுதலை ஓர் அச்சிலும், தனிமனித விடுதலை மற்றோர் அச்சிலும் அமைந்த வரைபடம் ஒன்றை உருவாக்கினார். இது நோலன் வரைபடம் எனப்படுகிறது.

சொல்லின் வரலாறு

லிபர்டேரியன் என்ற சொல்லின் பிரெஞ்சு வடிவத்தை அரசியல் பொருளில் 1857 இல் பயன்படுத்தியவர் யோசப் டெயாக் என்ற பிரெஞ்சு எழுத்தாளர். இவர் அரசையும் தனியுடைமையையும் ஒருங்கே எதிர்த்தவர். அச்சொல்லைத் தலைப்பாகக் கொண்ட இதழொன்றை இவர் 1858 முதல் 1861 வரை நியூ யார்க்கில் வெளியிட்டார். ஆகவே இச்சொல் முதலில் இடதுசாரிகளுக்கு உரியதாகவே இருந்தது.

அமெரிக்காவில் இதன் பொருள் பின்னர் மாறியது. 1930களில் பிராங்க்ளின் ரூசுவெல்ட்டின் புதிய ஒப்பந்தத் திட்டங்களை ஆதரித்தோர் தம்மை லிபரல்கள் என்று அழைத்துக்கொண்டனர். அதுவரை அப்பெயரால் அறியப்பட்ட சந்தை ஆதரவாளர்களுக்கு வேறு பெயர் தேவைப்பட்டது. 1955 இல் டீன் ரசல் என்பவர் லிபர்டேரியன் என்ற பெயரை ஏற்றுக்கொள்ளலாம் என்று முன்மொழிந்தார். ஐரோப்பாவின் பல நாடுகளில் தாராண்மைவாதம் என்ற சொல் சந்தைப் பொருளாதார ஆதரவையே இன்றும் குறிக்கிறது. அமெரிக்காவில் அது நலத்திட்டங்களை விரிவாக்கும் அரசியலைக் குறிக்கிறது. இவ்வேறுபாட்டை மனத்தில் கொள்ளாவிடில் அமெரிக்க அரசியல் கட்டுரைகளைப் படிப்பவர்கள் குழப்பமடையக்கூடும்.

அடிப்படைக் கருத்துகள்

சுதந்திரவாதிகளுக்கிடையே பல கருத்து வேறுபாடுகள் இருந்தாலும் பின்வருவனவற்றைப் பெரும்பாலோர் ஏற்கின்றனர்.

- தன்னுடைமை: ஒவ்வொருவரும் தம் உடலுக்கும் உழைப்புக்கும் தாமே உரிமையாளர். இக்கருத்து ஆங்கில மெய்யியலாளர் யோன் லாக்கிடமிருந்து (1632–1704) பெறப்பட்டது.
- வன்முறையைத் தொடங்காமை: தற்காப்புக்காக அன்றி எவரும் பிறர்மீது பலத்தைப் பயன்படுத்தக் கூடாது. இவ்விதி அரசுக்கும் பொருந்தும்.
- தன்னெழுச்சி ஒழுங்கு: மொழி, சந்தை, வழக்காறு போன்றவை எவருடைய திட்டமும் இன்றித் தாமாகவே உருவாகி இயங்கக் கூடியவை.
- சட்டத்தின் ஆட்சி: ஆள்பவரும் ஆளப்படுபவரும் ஒரே பொதுவிதிக்குக் கட்டுப்பட்டவர்கள்.
- அதிகாரப் பிரிப்பு: அதிகாரம் ஓரிடத்தில் குவிந்தால் நல்லவர் கையிலும் அது தீங்காகும். எனவே அது பல உறுப்புகளிடையே பிரிந்திருக்க வேண்டும்.

தன்னெழுச்சி ஒழுங்கு பற்றிய விளக்கத்தை பிரீட்ரிக் கயெக் 1945 இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் அளித்தார். உலகில் ஏதோ ஓரிடத்தில் வெள்ளீயம் கிடைப்பது குறைந்துவிட்டால் அதன் விலை ஏறுகிறது. விலை ஏறியதற்கான காரணத்தை அறியாதவர்களும் வெள்ளீயத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தத் தொடங்குகின்றனர். கோடிக்கணக்கானோரிடம் சிதறிக் கிடக்கும் இத்தகைய அறிவை எந்த ஒரு திட்டக்குழுவாலும் ஓரிடத்தில் திரட்ட முடியாது என்பது அவர் வாதம். இதன்படி, அரசு அதிகாரத்திற்கு எதிரான வாதம் ஒழுக்கம் சார்ந்தது மட்டுமன்று, அறிவின் எல்லை சார்ந்ததும் ஆகும்.

உட்பிரிவுகள்

அரசு எந்த அளவில் இருக்கலாம் என்ற கேள்விக்கு அளிக்கும் விடையைப் பொறுத்து சுதந்திரவாதிகளைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

செவ்வியல் தாராண்மைவாதிகள் பாதுகாப்பு, நீதி ஆகியவற்றுடன் சில பொதுப்பணிகளையும் அரசுக்கு விட்டுவைக்கின்றனர். 1976 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற மில்ட்டன் பிரீட்மன் இவ்வகையினர். வறியவர்களுக்கு நேரடியாகப் பணம் கிடைக்கச் செய்யும் எதிர்மறை வருமான வரியையும், பெற்றோர் தாம் விரும்பும் பள்ளியில் செலுத்தக்கூடிய கல்விச் சீட்டுகளையும் இவர் 1962 இல் வெளியான தம் நூலில் பரிந்துரைத்தார்.

குறைந்தபட்ச அரசுவாதிகள் காவல், நீதிமன்றம், நாட்டுப் பாதுகாப்பு ஆகியவை மட்டுமே அரசின் பணிகள் என்கின்றனர். ஆர்வர்டு பல்கலைக்கழக மெய்யியலாளர் ராபர்ட் நோசிக் 1974 இல் எழுதிய நூல் இந்நிலைப்பாட்டின் முதன்மையான விளக்கமாகக் கருதப்படுகிறது. 1971 இல் யோன் ரால்சு முன்வைத்த பகிர்வு நீதிக் கோட்பாட்டிற்கு எதிர்வாதமாகவும் அது அமைந்தது.

அரசின்மை முதலாளியவாதிகள் காவலும் நீதியும்கூடத் தனியார் அமைப்புகளால் வழங்கப்பட வேண்டும் என்கின்றனர். மரே ரோத்பார்டு இப்பிரிவின் முன்னோடி.

இடதுசாரி சுதந்திரவாதிகள் அரசை எதிர்ப்பதோடு, நிலம் போன்ற இயற்கை வளங்கள் மீதான தனியுடைமையையும் ஐயுறுகின்றனர்.

1957 இல் வெளிவந்த தம் புதினத்தின் மூலம் பல இளைஞர்களை இக்கருத்துகளின்பால் ஈர்த்த அயன் ராண்ட், தம்மைச் சுதந்திரவாதி என்று அழைப்பதை ஏற்கவில்லை. இவ்வியக்கத்தினரைக் கடுமையாகச் சாடியும் வந்தார்.

வரலாறு

முன்னோடிகள்

அமெரிக்கக் குடியரசின் தோற்றத்திலேயே அரசு அதிகாரம் குறித்த ஐயம் இடம்பெற்றிருந்தது. 1791 இல் ஏற்பு பெற்ற உரிமைகள் சாசனம் என்னும் முதல் பத்துத் திருத்தங்கள், அரசு எவற்றைச் செய்யக் கூடாது என்பதையே பெரும்பாலும் கூறுகின்றன. அதே வேளையில், அக்குடியரசு அடிமை முறையைச் சட்டப்படி காத்தது என்பதும் வரலாறு.

இம்முரண்பாட்டை நேரடியாக எதிர்கொண்டவர்களுள் ஒருவர் லைசாண்டர் சுபூனர். அடிமை முறை அரசியலமைப்புக்கு எதிரானது என்று 1845 இல் இவர் வாதிட்டு எழுதினார். அதற்கு முந்தைய ஆண்டில், அரசின் அஞ்சல் தனியுரிமையை எதிர்த்துத் தாமே ஓர் அஞ்சல் நிறுவனத்தைத் தொடங்கிக் குறைந்த கட்டணத்தில் கடிதங்களைக் கொண்டு சேர்த்தார். அரசு சட்ட நடவடிக்கைகள் மூலம் அந்நிறுவனத்தை நெருக்கியது. எனினும் 1845 இல் காங்கிரசு அஞ்சல் கட்டணத்தைக் குறைத்தது. என்றி டேவிட் தோரோ 1849 இல் வெளியிட்ட குடிமக்கள் சட்டமறுப்புக் கட்டுரையும் இம்மரபில் வைத்துப் பேசப்படுகிறது. இக்கட்டுரை காந்தியடிகளின் கவனத்தையும் ஈர்த்தது.

இருபதாம் நூற்றாண்டு

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசின் பணிகள் பெரிதும் விரிவடைந்தன. 1944 இல் வெளிவந்த கயெக்கின் நூல், பொருளாதாரத் திட்டமிடல் அரசியல் அடிமைத்தனத்திற்கு வழிவகுக்கும் என்று எச்சரித்தது. 1946 இல் லெனர்டு ரீடு பொருளியல் கல்வி அறக்கட்டளையைத் தொடங்கினார். 1968 இல் ரீசன் இதழும், 1977 இல் கேட்டோ நிறுவனமும் தொடங்கப்பட்டன.

கட்டாயப் படைச்சேவையின் முடிவு

சுதந்திரவாதக் கருத்துகள் அமெரிக்க அரசின் கொள்கையை நேரடியாக மாற்றிய நிகழ்வுகளுள் இது குறிப்பிடத்தக்கது. வியட்நாம் போரின்போது இளைஞர்கள் கட்டாயமாகப் படையில் சேர்க்கப்பட்டனர். 1969 இல் அதிபர் நிக்சன் இதனை ஆராய தாமசு கேட்சு தலைமையில் ஆணையம் ஒன்றை அமைத்தார். பிரீட்மனும் ஆலன் கிரீன்சுபானும் அதன் உறுப்பினர்கள்.

கட்டாயப் படையினருக்குச் சந்தையில் கிடைக்கக்கூடியதைவிடக் குறைந்த ஊதியம் வழங்கப்பட்டது. அந்த வேறுபாடு, வரவு செலவுக் கணக்கில் தோன்றாத ஒரு வரியாகும். அதனை நாட்டின் இளைஞர்கள் மட்டுமே செலுத்துகின்றனர் என்று ஆணையத்தின் அறிக்கை வாதிட்டது. படைக்கு ஆள் சேர்ப்பதன் உண்மையான செலவை அரசு வெளிப்படையாக ஏற்க வேண்டும் என்பது இதன் உட்பொருள். 1970 இல் அறிக்கை வெளியாகியது. 1973 இல் கட்டாய ஆள்சேர்ப்பு முடிவுக்கு வந்தது. எனினும் 1980 முதல், தேவை ஏற்படின் அழைப்பதற்காக இளைஞர்கள் பதிவு செய்யும் முறை மீண்டும் நடைமுறைப்படுத்தப்பட்டது.

லிபர்டேரியன் கட்சி

1971 ஆகத்து 15 அன்று நிக்சன் விலைகளையும் ஊதியங்களையும் 90 நாட்களுக்கு உறையச் செய்தார். வெளிநாட்டு அரசுகள் டாலரைக் கொடுத்துத் தங்கம் பெறும் வசதியையும் நிறுத்தினார். குடியரசுக் கட்சி அதிபர் ஒருவரே இவ்வாறு செய்தது, தனிக்கட்சி தேவை என்ற எண்ணத்தை வலுப்படுத்தியது. நோலனும் அவருடைய நண்பர்களும் 1971 டிசம்பர் 11 அன்று கொலராடோவில் லிபர்டேரியன் கட்சியைத் தொடங்கினர்.

1972 தேர்தலில் இக்கட்சி நான்காயிரத்துக்கும் குறைவான வாக்குகளையே பெற்றது. ஆனால் வர்ஜீனியாவின் குடியரசுக் கட்சித் தேர்வாளர் ரோசர் மக்பிரைடு, நிக்சனுக்கு வாக்களிக்காமல் இக்கட்சியின் யோன் ஆசுபர்சு, டோனி நேத்தன் ஆகியோருக்கு வாக்களித்தார். இதனால் அமெரிக்க வரலாற்றில் தேர்வாளர் வாக்கு ஒன்றைப் பெற்ற முதல் பெண்மணியாக நேத்தன் ஆனார்.

பிந்தைய அதிபர் தேர்தல்களில் கட்சி பெற்ற வாக்குகளுள் சில வருமாறு:

- 1980, எட் கிளார்க்: சுமார் 9.2 இலட்சம் (1.1%)
- 1988, ரொன் பால்: சுமார் 4.3 இலட்சம் (0.5%)
- 2012, கேரி யோன்சன்: சுமார் 12.7 இலட்சம் (1%)
- 2016, கேரி யோன்சன்: சுமார் 44.9 இலட்சம் (3.3%)
- 2020, யோ யோர்கென்சன்: சுமார் 18.6 இலட்சம் (1.2%)
- 2024, சேசு ஆலிவர்: சுமார் 6.5 இலட்சம் (0.4%)

தொகுதியில் அதிக வாக்கு பெற்றவர் ஒருவரே வெல்லும் தேர்தல் முறையும், சிறிய கட்சிகள் வாக்குச்சீட்டில் இடம்பெற மாநிலங்கள் விதிக்கும் கையொப்ப நிபந்தனைகளும் கட்சியின் வளர்ச்சிக்குத் தடையாக உள்ளன. 2020 இல் இக்கட்சியில் இணைந்த மிச்சிகன் மாநிலத்தின் யசுட்டின் அமாசு, இக்கட்சியின் சார்பில் காங்கிரசில் அமர்ந்த முதல் உறுப்பினர் ஆவார்.

அரசு அதிகாரம் குறித்த முதன்மையான விவாதங்கள்

மாநிலங்களுக்கிடையேயான வணிகம்

அமெரிக்க நடுவண் அரசுக்கு அரசியலமைப்பில் பட்டியலிடப்பட்ட அதிகாரங்கள் மட்டுமே உண்டு. மாநிலங்களுக்கிடையேயான வணிகத்தை ஒழுங்குபடுத்துவது அவற்றுள் ஒன்று. 1942 இல் விக்கார்டு எதிர் ஃபில்பர்ன் வழக்கில், ஒகாயோ உழவர் ஒருவர் தம் பண்ணையின் தேவைக்காக அளவுக்கு மிகுதியாகக் கோதுமை விளைவித்ததையும் இவ்வதிகாரத்தின் கீழ்க் கட்டுப்படுத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவரைப்போல் பலரும் செய்தால் நாட்டின் கோதுமைச் சந்தை பாதிக்கப்படும் என்பது காரணம். விற்பனைக்கே வராத பொருளும் வணிகமாகும் என்றால் நடுவண் அரசின் அதிகாரத்திற்கு எல்லையே இல்லை என்பது சுதந்திரவாதிகளின் மறுப்பு.

2005 இல் கொன்சாலசு எதிர் ரெய்ச் வழக்கில், கலிபோர்னியாவில் மருத்துவத் தேவைக்காக வீட்டில் வளர்த்த கஞ்சாவுக்கும் இதே விதி பொருந்தும் என்று 6–3 என்ற கணக்கில் தீர்ப்பானது. 2012 இல் மருத்துவக் காப்பீடு வாங்காதோர் மீதான தண்டத்தொகையை உச்ச நீதிமன்றம் 5–4 என்ற கணக்கில் ஏற்றது. ஆனால் அதனை வணிக அதிகாரத்தின் கீழ் அன்றி, வரிவிதிப்பு அதிகாரத்தின் கீழேயே ஏற்றது. வணிக அதிகாரத்திற்கு ஓர் எல்லை உண்டு என்ற அளவில் இது சுதந்திரவாதச் சட்ட அறிஞர்களின் வாதத்திற்குக் கிடைத்த பகுதி வெற்றியாகக் கருதப்படுகிறது.

உடைமை உரிமை

2005 இல் கெலோ எதிர் நியூ லண்டன் நகரம் வழக்கில், ஒருவருடைய வீட்டைக் கையகப்படுத்தி வேறொரு தனியாரின் வளர்ச்சித் திட்டத்திற்கு வழங்குவதும் பொதுப்பயன் ஆகும் என்று உச்ச நீதிமன்றம் 5–4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. வீட்டு உரிமையாளர்களுக்காக வாதிட்டது, 1991 இல் தொடங்கப்பட்ட நீதிக்கான நிறுவனம் என்ற சுதந்திரவாதச் சட்ட அமைப்பு. திட்டமிட்ட வளர்ச்சி நிகழவில்லை. வீடுகள் அகற்றப்பட்ட நிலம் பல ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்தது. வழக்கில் தோற்றாலும், பொதுமக்களின் எதிர்ப்பினால் 40க்கும் மேற்பட்ட மாநிலங்கள் தம் கையகப்படுத்தல் சட்டங்களைத் திருத்தின.

குற்றத்துடன் தொடர்புடையதாகக் கருதப்படும் உடைமையைக் காவல் துறை பறிமுதல் செய்யும் முறையையும் இவ்வமைப்பு எதிர்க்கிறது. 2019 இல் டிம்சு எதிர் இந்தியானா வழக்கில், மிகையான தண்டத்தொகைக்கு எதிரான அரசியலமைப்புத் தடை மாநிலங்களுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. இவ்வழக்கில் அதிகபட்சத் தண்டத்தொகை 10,000 டாலர். பறிமுதலான வண்டியின் விலையோ ஏறக்குறைய 42,000 டாலர்.

கண்காணிப்பு

2001 செப்டம்பர் 11 தாக்குதல்களுக்குப் பின், ஏழு வாரங்களுக்குள் நாட்டுப்பற்றுச் சட்டம் நிறைவேறியது. மேலவையில் ஒருவர் மட்டுமே எதிர்த்து வாக்களித்தார். கீழவையில் எதிர்த்த குடியரசுக் கட்சியினர் மூவருள் ரொன் பால் ஒருவர். இச்சட்டத்தின் ஒரு பிரிவைக் கொண்டு கோடிக்கணக்கான குடிமக்களின் தொலைபேசி அழைப்புப் பதிவுகள் மொத்தமாகத் திரட்டப்பட்டமை, 2013 இல் எட்வர்டு சுனோடன் வெளியிட்ட ஆவணங்களால் தெரியவந்தது. 2015 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, சட்டம் இதற்கு இடமளிக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு சூனில் இயற்றப்பட்ட சட்டம் அம்மொத்தத் திரட்டலை நிறுத்தியது.

போர் அதிகாரம்

போர் அறிவிக்கும் அதிகாரத்தை அரசியலமைப்பு காங்கிரசுக்கு அளிக்கிறது. காங்கிரசு கடைசியாக முறைப்படி போர் அறிவித்தது 1942 இல் ஆகும். கொரியா, வியட்நாம், ஈராக்கு உட்பட அதன் பின்னர் நிகழ்ந்த போர்கள் எவையும் அவ்வாறு அறிவிக்கப்பட்டவை அல்ல. 1973 இல் நிக்சனின் மறுப்பாணையையும் மீறி நிறைவேறிய போர் அதிகாரத் தீர்மானம் இதனைக் கட்டுப்படுத்த முயன்றது. 2013 மார்ச்சு 6 அன்று கென்டக்கி மேலவை உறுப்பினர் ராண்ட் பால் ஏறக்குறைய 13 மணி நேரம் தொடர்ந்து பேசினார். அமெரிக்க மண்ணில் உள்ள குடிமகனை விசாரணையின்றி ஆளில்லா வானூர்தியால் கொல்ல அதிபருக்கு அதிகாரம் உண்டா என்பது அவர் எழுப்பிய கேள்வி. போரில் ஈடுபடாத குடிமகனைப் பொறுத்தவரை இல்லை என்று தலைமைச் சட்ட அலுவலர் மறுநாள் எழுத்து மூலம் பதிலளித்தார்.

துறை அதிகாரமும் அவசரநிலை அதிகாரமும்

தெளிவற்ற சட்டங்களுக்கு அரசுத் துறைகள் தரும் விளக்கத்தை நீதிமன்றங்கள் ஏற்க வேண்டும் என்ற 1984 ஆம் ஆண்டின் செவ்ரான் கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 2024 சூன் 28 அன்று நீக்கியது. சட்டம் இயற்றுபவரும், விளக்குபவரும், செயற்படுத்துபவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்ற அடிப்படையில் சுதந்திரவாதிகள் இத்தீர்ப்பை வரவேற்றனர்.

2025 இல் அதிபர் டொனால்டு டிரம்ப், 1977 ஆம் ஆண்டின் பன்னாட்டு அவசரநிலைப் பொருளாதார அதிகாரச் சட்டத்தைக் கொண்டு பல நாடுகளின் பொருட்கள்மீது சுங்கவரி விதித்தார். வரி விதிப்பது காங்கிரசின் அதிகாரம் என்று கூறிச் சிறு வணிகர்கள் சார்பில் லிபர்டி யசுட்டிசு சென்டர் என்ற சட்ட அமைப்பு வழக்குத் தொடர்ந்தது. 2025 மே மாதத்தில் பன்னாட்டு வணிக நீதிமன்றமும், ஆகத்து மாதத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அச்சுங்கவரிகள் சட்டத்திற்குப் புறம்பானவை என்று தீர்ப்பளித்தன. அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் வாதங்களைக் கேட்டது.

டிரம்ப் காலத்தில் சுதந்திரவாதிகள்

டிரம்பின் எழுச்சி சுதந்திரவாதிகளிடையே பிளவை உண்டாக்கியது. ஒழுங்குமுறைகளைக் குறைத்தல், வரிக்குறைப்பு ஆகியவற்றை ஒரு சாரார் வரவேற்றனர். சுங்கவரி, குடியேற்றக் கட்டுப்பாடு, அதிபரிடம் அதிகாரம் குவிதல் ஆகியவற்றை மற்றொரு சாரார் எதிர்த்தனர். 2022 இல் ரீனோவில் நடந்த மாநாட்டில் மீசசு அணியினர் லிபர்டேரியன் கட்சியின் தலைமையைக் கைப்பற்றினர். 2024 மே மாதத்தில் அக்கட்சியின் மாநாட்டில் டிரம்ப் உரையாற்றியபோது கூட்டத்தினர் பலர் கூச்சலிட்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். இணையக் கள்ளச்சந்தை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றிருந்த ராசு உல்பிரிக்டின் தண்டனையைக் குறைப்பதாக அவர் அங்கு வாக்களித்தார். 2025 சனவரியில் முழு மன்னிப்பே வழங்கினார்.

2025 இல் எலான் மசுக் முன்னின்று நடத்திய அரசுத் திறன் துறையின் செலவுக் குறைப்பு நோக்கத்தைப் பல சுதந்திரவாதிகள் ஆதரித்தாலும், காங்கிரசு ஒதுக்கிய பணத்தை அதிபர் தாமே நிறுத்தலாமா என்ற கேள்வியை எழுப்பினர். அதே ஆண்டு சூலையில் நிறைவேறிய பெரிய வரி, செலவுச் சட்டத்தை, கடன்சுமையைக் காரணம் காட்டி ராண்ட் பாலும் கீழவையின் தாமசு மாசியும் எதிர்த்தனர். அவ்வாண்டு நாட்டின் கடன் 38 டிரில்லியன் டாலரைக் கடந்தது.

விமர்சனங்கள்

சுதந்திரவாதத்தின் மீது பல தரப்பினரும் விமர்சனங்களை முன்வைக்கின்றனர்.

- சந்தைத் தோல்வி: காற்று மாசு போன்றவற்றில் தீங்கு செய்பவர் அதன் செலவை ஏற்பதில்லை. இதற்கு 1970 ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் போன்ற அரசு நடவடிக்கை தேவைப்பட்டது.
- தனியார் அதிகாரம்: வலிமையான முதலாளிக்கும் வேலை தேடுபவருக்கும் இடையேயான ஒப்பந்தம் பெயரளவில் மட்டுமே விருப்பமானது. அரசு விலகினால் அதிகாரம் மறைவதில்லை, வேறு கைக்கு மாறுகிறது.
- இனப் பாகுபாடு: 1964 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தனியார் உணவகங்களும் விடுதிகளும் கறுப்பின மக்களை மறுப்பதைத் தடை செய்தது. உடைமை உரிமை, நடுவண் அரசின் அதிகார எல்லை ஆகியவற்றைக் காரணம் காட்டி பாரி கோல்டுவாட்டர் இதனை எதிர்த்தார். பாகுபாட்டிற்கு உள்ளானோரின் விடுதலையை விரிவாக்கியது அரசு அதிகாரமே என்று விமர்சகர்கள் சுட்டுகின்றனர்.
- நிதி ஒழுங்கு: இளமையில் அயன் ராண்டின் வட்டத்தில் இருந்தவரும் பின்னர் நடுவண் வங்கியின் தலைவராக இருந்தவருமான கிரீன்சுபான், 2008 நெருக்கடியின்போது, வங்கிகள் தம் நலனுக்காகவே தம்மைக் காத்துக்கொள்ளும் என்ற தம் நம்பிக்கையில் குறை இருந்ததைக் காங்கிரசு முன் ஒப்புக்கொண்டார்.

இவற்றுக்குச் சுதந்திரவாதிகளும் விடை கூறுகின்றனர். மாசு என்பது பிறர் உடைமைக்குச் செய்யும் தீங்கு என்பதால் அதனைத் தடுப்பது தம் கொள்கைக்கு உடன்பாடானதே என்கின்றனர். தெற்கு மாநிலங்களில் இனப் பிரிவினையைப் பேருந்துகளிலும் பள்ளிகளிலும் கட்டாயமாக்கியது மாநில அரசுகளின் சட்டமே என்றும், 2008 நெருக்கடியில் அரசின் வீட்டுக்கடன் கொள்கைக்கும் குறைந்த வட்டிக்கும் பங்கு உண்டு என்றும் வாதிடுகின்றனர். குடியேற்றம், கருக்கலைப்பு ஆகியவற்றில் இவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

செல்வாக்கு

தேர்தல் முடிவுகளைக் கொண்டு மட்டும் இவ்வியக்கத்தை மதிப்பிட இயலாது. தன்னார்வப் படை, பல மாநிலங்களில் கல்விச் சீட்டு, 2012 இல் கொலராடோவிலும் வாசிங்டனிலும் தொடங்கிய கஞ்சாத் தடை நீக்கம் ஆகியவை ஒரு காலத்தில் சுதந்திரவாதிகள் முன்வைத்த, பெரும்பான்மையோர் ஏற்காத கருத்துகள். ஒரு கட்சி ஆட்சியில் இருக்கும்போது உருவாக்கும் அதிகாரம் அடுத்துவரும் கட்சியின் கைக்கும் செல்லும் என்பது அவர்கள் மீண்டும் மீண்டும் முன்வைக்கும் எச்சரிக்கை. 1977 இல், அதிபரின் அவசரநிலை அதிகாரத்தைக் கட்டுப்படுத்தும் நோக்கில் இயற்றப்பட்ட சட்டமே 2025 இல் உலகின் பெரும்பாலான நாடுகள்மீது வரி விதிக்கப் பயன்பட்டமை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.